லியன்டீன் பிரைஸ்

லியன்டீன் பிரைஸ் (பிறப்பு: 10 பிப்ரவரி 1927) அமெரிக்க ஓபரா பாடகி. பெண் குரல்களில் மிக உயர்ந்த வகையான சொப்ரானோ குரல் அவருடையது. இத்தாலிய இசையமைப்பாளர் ஜுசெப்பே வெர்டி படைத்த கதாநாயகிகளைப் பாடுவதில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவருக்கு இணையாகச் சொல்லத்தக்கவர்கள் மிகச் சிலரே. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 1961 முதல் 1985 வரை நாயகி வேடங்கள் ஏற்றார். அந்த அரங்கில் கறுப்பினப் பாடகி ஒருவர் முதல் வரிசை நட்சத்திரமாக நிலைபெற்றது இவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

இவரைப் பற்றி எழுதும்போது நிறத்தடையை உடைத்த வரலாறு முன்னால் வந்து நின்றுவிடும். அந்தப் பெருமை அவருக்கு முழுமையாக உரியது. அதே அளவுக்குப் பேசப்பட வேண்டியது, எதை எப்போது பாடுவது, எதை மறுப்பது என்பதில் அவருக்கு இருந்த தெளிவு. எழுபது வயதிலும் தனிக்கச்சேரி செய்யும் அளவுக்கு அவர் குரல் நின்றதென்றால் அதற்கு அந்தத் தெளிவே காரணம்.

இளமை

பிரைஸ் பிறந்த மிசிசிப்பி மாநிலத்தின் லாரல், மர ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர். தந்தை ஜேம்ஸ் அப்படிப்பட்ட ஓர் ஆலையில் கூலி வேலை பார்த்தார். தாய் கேட் மருத்துவச்சி. தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். பல ஆண்டுகள் காத்திருந்து பிறந்த பெண் என்பதால் பெற்றோருக்கு மகள்மேல் உயிர். மகளுக்கு ஐந்து வயதானபோது வீட்டிலிருந்த கிராமபோனை முன்பணமாகக் கொடுத்து ஒரு பியானோ வாங்கினார்கள். தம்பி ஜார்ஜ் பின்னாளில் அமெரிக்கத் தரைப்படையில் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார்.

1936இல், ஒன்பது வயதில், ஜாக்சன் நகருக்கு அம்மாவுடன் சென்று பாடகி மரியன் ஆண்டர்சனின் கச்சேரியைக் கேட்டார். நிறவெறி ஊறிய ஒரு மாநிலத்தில் ஒரு கறுப்பினப் பெண் மேடைக்கு வந்து நின்ற மிடுக்கும், அந்தக் குரலும் சிறுமியின் மனத்தில் ஆழப் பதிந்தன. தானும் அப்படி ஆக வேண்டும் என்று அன்று தோன்றியதை பிரைஸ் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆனாலும் அவர் முதலில் படிக்கப் போனது இசையாசிரியர் வேலைக்குத்தான். அன்றைய கறுப்பினப் பெண்ணுக்கு அதுதான் கைக்கெட்டும் பிழைப்பு. ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸில் படித்து 1948இல் பட்டம் பெற்றார். குரலின் அருமையை உணர்ந்த ஆசிரியர்கள் பாட்டையே முதன்மையாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் இடம் கிடைத்தது. உதவித்தொகை போக மற்றச் செலவுக்கு என்ன செய்வது? புகழ்பெற்ற பாடகர் பால் ராப்சன் அவருக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரியில் பாடினார். லாரலில் பிரைஸின் அத்தை வேலை செய்த வீட்டுக்காரர்களான சிஷோம் குடும்பத்தினரும் கைகொடுத்தார்கள். அவர்கள் வெள்ளையர்கள். நிறப்பிரிவினை சட்டமாகவே இருந்த ஊரில் அந்த உறவு கடைசிவரை நிலைத்தது.

ஜூலியார்டில் அவருக்கு வாய்த்த குரு ஃபுளோரன்ஸ் பேஜ் கிம்பல். குரலை முதலீடாகக் கருது, வட்டியில் மட்டும் பாடு, மூலதனத்தில் கைவைக்காதே என்பது அவர் தந்த பாடம். இருபது வயதில் எல்லாருக்கும் தொண்டை வலுவாகத்தான் இருக்கும். வாய்ப்பு வரும்போதெல்லாம் அதைக் கொட்டித் தீர்த்துவிட்டு நாற்பதில் குரலின்றி நிற்பவர்கள் ஓபரா உலகில் ஏராளம். பிரைஸ் அந்த ஒரு பாடத்தை, ஓர் ஆண்டு நீங்கலாக, வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார்.

முதல் மேடைகள்

1952இல் ஜூலியார்ட் மாணவர்கள் நடத்திய வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ ஓபராவில் மிஸ்ட்ரஸ் ஃபோர்டாகப் பாடினார். அதைக் கேட்ட இசையமைப்பாளர் வெர்ஜில் தாம்சன், தம் ஓபரா ஒன்றின் மறுமேடையேற்றத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ புதிய மேடையேற்றம் டாலஸில் தொடங்கியது. பெஸ்ஸாகப் பிரைஸ், போர்கியாக வில்லியம் வார்ஃபீல்ட். வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ் என்று குழு சுற்றி வந்தது. பயணம் புறப்படுவதற்கு முன்பே, ஆகஸ்ட் 31 அன்று, நாயகனும் நாயகியும் ஹார்லமில் திருமணம் செய்துகொண்டார்கள். இருவருடைய தொழிலும் இரு திசையில் இழுக்க, சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். மணவிலக்கு 1970களில் முறைப்படி முடிந்தது. பிரைஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1953 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற நூலக அரங்கில், சாமுவேல் பார்பரின் ‘ஹெர்மிட் சாங்ஸ்’ பாடல் தொகுதியை முதன்முறையாகப் பாடினார். இடைக்கால அயர்லாந்துத் துறவிகளின் பாடல்களுக்கு இசையமைத்திருந்த பார்பரே பியானோ வாசித்தார். பார்பர் தம் இசைக்கேற்ற குரலைக் கண்டுகொண்டது அன்றுதான். இந்த நட்பு பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பெரிய சோதனை ஒன்றையும் சந்திக்க இருந்தது.

1955 ஜனவரியில் என்பிசி தொலைக்காட்சி அவரை நாயகியாக வைத்துப் புச்சீனியின் ‘டோஸ்கா’வை ஒளிபரப்பியது. தொலைக்காட்சி ஓபராவில் கறுப்பினப் பெண் ஒருவர் நாயகியாகத் தோன்றியது அதுவே முதல்முறை. தென் மாநிலங்களில் சில நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்துவிட்டன. மரியன் ஆண்டர்சன் மெட்ரோபாலிட்டன் மேடையில் முதல் கறுப்பினப் பாடகியாகக் காலடி வைத்ததும் அதே மாதத்தில்தான். அப்போது ஆண்டர்சனுக்கு வயது ஐம்பத்தேழு. குரலின் பொற்காலம் கடந்திருந்தது. திறமை இருந்தும் கதவு திறக்க அவ்வளவு காலம் பிடித்தது.

பியானோ கலைஞர் டேவிட் கார்வியுடன் பிரைஸ் தனிக்கச்சேரிகளையும் தொடங்கினார். அமெரிக்க வெளியுறவுத் துறை ஆதரவில் 1956இல் இந்தியாவுக்கும் மறு ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கும் சென்று பாடினார். கார்வி 1995இல் இறக்கும் வரை அவருக்கு வாசித்தார்.

ஐடா

பெரிய ஓபரா அரங்கு ஒன்றில் அவருடைய முதல் மேடை 1957 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் அமைந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பூலாங்கின் ‘கார்மெலைட்டுகளின் உரையாடல்’ அமெரிக்காவில் முதன்முதலாக மேடையேறியபோது அதில் பாடினார். சில வாரங்களில் வெர்டியின் ‘ஐடா’வில் பாட வேண்டிய இத்தாலியப் பாடகி அறுவை சிகிச்சைக்குப் போக நேர்ந்தது. அந்த இடத்தில் நின்ற பிரைஸ், அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தம் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படப்போகும் வேடத்தைத் தொட்டார்.

ஐடா எத்தியோப்பிய இளவரசி, எகிப்தில் அடிமைப்பட்டவள். தன் நாட்டை வெல்லப் புறப்படும் எகிப்தியத் தளபதியையே காதலிப்பவள். மூன்றாம் அங்கத்தில் நைல் கரையில் தனித்து நின்று, இனிக் காண முடியாத தாய்நாட்டை நினைத்துப் பாடும் ‘ஓ பாட்ரியா மியா’தான் இந்தப் பாத்திரத்தின் அக்னிப் பரீட்சை. பாட்டு முடிவை நெருங்கும் இடத்தில் குரல் படிப்படியாக ஏறி மிக உச்ச ஸ்வரம் ஒன்றைத் தொட வேண்டும். அங்கே கத்தவும் கூடாது, மூச்சு தடுக்கவும் கூடாது. மென்மையாக மேலேறி அந்தரத்தில் நிற்க வேண்டும். வலுவான குரல்களுக்கு மென்மை வராது, மென்மையான குரல்களுக்கு மற்ற காட்சிகளில் நூறு வாத்தியங்களை மீறி ஒலிக்கும் வலு இருக்காது. பிரைஸிடம் இரண்டும் இருந்தன.

கார்னகி அரங்கில் அவர் பாடிக் காட்டியதைக் கேட்டிருந்த நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயான், 1958இல் வியன்னா அரசு ஓபராவுக்கு அவரை அழைத்தார். வேடம் ஐடா. அதே ஆண்டு லண்டனின் கவென்ட் கார்டன், அங்கும் ஐடா. 1960 மே 21 அன்று மிலானின் லா ஸ்காலா. வெர்டியின் சொந்த வீடு என்று இத்தாலியர்கள் கருதும் அந்த அரங்கில், வெர்டியின் நாயகியாக ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண் நின்றார்.

இதற்கிடையே 1958இல் மெட்ரோபாலிட்டனின் தலைமை நிர்வாகி ரூடால்ஃப் பிங், ஐடா பாட வரும்படி அழைத்திருந்தார். எந்த இளம் பாடகியும் ஓடோடிச் சென்றிருப்பார். பிரைஸ் மறுத்தார். என்பிசி ஓபராவின் இசை இயக்குநர் பீட்டர் ஹெர்மன் ஆட்லர், அந்த மேடையில் முதன்முதலாகக் காலெடுத்து வைக்கும்போது அடிமைப் பெண்ணாக வேண்டாம், சீமாட்டியாக வா என்று அறிவுரை சொல்லியிருந்தார். பிரைஸ் தம் தொழில் வாழ்வில் எடுத்த மிகச் சிறந்த முடிவு இதுவே என்பேன். பிறகு பிங், இத்தாலியின் வெரோனாவில் பிரைஸும் பிராங்கோ கொரெல்லியும் பாடிய ‘இல் ட்ரொவடோரே’வைக் கேட்டு இருவரையும் சேர்த்தே ஒப்பந்தம் செய்தார்.

மெட்ரோபாலிட்டன்

1961 ஜனவரி 27. ‘இல் ட்ரொவடோரே’வில் லியனோரா என்னும் அரசவைச் சீமாட்டியாகப் பிரைஸ் அறிமுகமானார். கொரெல்லிக்கும் அங்கே அன்றுதான் முதல் மேடை. நிகழ்ச்சி முடிந்த பின் கைத்தட்டல் சுமார் நாற்பது நிமிடம் நீடித்தது. அந்த அரங்கின் வரலாற்றில் மிக நீண்ட வரவேற்புகளுள் ஒன்று. லாரலிலிருந்து பெற்றோர் வந்திருந்தார்கள். அந்த ஓபரா பருவம் முடிவதற்குள் லியனோராவோடு ஐடா, மதாம் பட்டர்ஃபிளை, டோனா அன்னா, லியூ என்று மொத்தம் ஐந்து நாயகியரைப் பாடிவிட்டார். மார்ச்சில் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் படம் வெளியானது.

அந்த அக்டோபரில் பருவத் தொடக்க விழாவில் பாடும் பெருமையும் கிடைத்தது. அங்கே அந்த இடம் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். வாத்தியக் கலைஞர்களின் சம்பளத் தகராறில் பருவமே ரத்தாகும் நிலை வந்து, தொழிலாளர் துறை அமைச்சர் ஆர்தர் கோல்ட்பர்க் தலையிட்ட பிறகே திரை விலகியது. புச்சீனியின் ‘லா ஃபன்சியுல்லா டெல் வெஸ்ட்’ ஓபராவில் மின்னி வேடம். இரண்டாவது நிகழ்ச்சியிலேயே குரல் போய்விட்டது. இரண்டாம் அங்கத்தின் இறுதியைப் பாட முடியாமல் வசனமாகச் சொல்லி முடித்தார். மூன்றாம் அங்கத்தை டாரதி கர்ஸ்டன் வந்து பாடினார். தொற்றுநோய் என்று காரணம் சொல்லப்பட்டது. ஓராண்டில் ஏற்ற வேலையின் பளுவும், அந்த வேடத்தின் கனமும் அதற்குப் பின்னால் இருந்தன. டிசம்பரில் மீண்டும் பாடினார் என்றாலும் மின்னி அவருடைய நிரந்தர வேடங்களில் சேரவில்லை. கிம்பலின் பாடத்தைத் தாம் மறந்த ஆண்டு அது என்று எடுத்துக்கொண்டவர்போல, அதன்பின் ஓய்வுக்காக இடைவெளி விட்டே பாடினார்.

1966 செப்டம்பர் 16 அன்று லிங்கன் சென்டரில் மெட்ரோபாலிட்டனின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அந்த நாளுக்கென்றே பார்பர் ‘ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா’வை எழுதினார், பிரைஸின் குரலை மனத்தில் வைத்து அமைத்த கிளியோபாட்ரா. மேடையமைப்பு பிராங்கோ செஃபிரெல்லியுடையது. ஆட்களும் விலங்குகளும் மாபெரும் செட்டுகளும் மேடையை அடைத்தன. புதிய சுழல்மேடை பாரம் தாங்காமல் பழுதாயிற்று. ஒரு கட்டத்தில் பிரமிடு ஒன்றுக்குள் இருந்த பிரைஸ் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டார். விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். பார்பர் மனம் நொந்து போனார். எட்டு நிகழ்ச்சிகளோடு அந்த ஓபரா அங்கே நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் இரண்டு காட்சிகளைக் கச்சேரி வடிவில் பிரைஸ் தொடர்ந்து பாடினார், 1968இல் ஒலிப்பதிவும் செய்தார். ஆடம்பரங்களை நீக்கிவிட்டு இசையை மட்டும் கேட்டால் பார்பர் மீது அன்று விழுந்த பழி நியாயமற்றது என்பது விளங்கும்.

குரலின் இயல்பு

பிரைஸின் குரலை ‘லிரிகோ ஸ்பின்டோ’ என்று வகைப்படுத்துவர். இசைவான மென்குரலோடு, தேவைப்படும்போது உந்தித் தள்ளும் வலுவும் கொண்டது என்று பொருள். நடு ஸ்தாயியில் புகை படிந்தாற்போன்ற ஒரு மங்கல்; மேலே போகப் போக அந்த மங்கல் கரைந்து பளபளப்பு ஏறும். உச்சத்தில் ஸ்வரம் தானாக விரிவது போலிருக்கும். நடிப்பில் அவரைவிட ஆழமாகப் போனவர்கள் உண்டு. கீழ் ஸ்தாயி வலுக் குறைந்தது. பிற்காலத்தில் கரகரப்பும் கூடியது. அடுக்கடுக்கான சொற்களில் உச்சரிப்பு சில சமயம் தெளிவில்லாமல் போகும். வெர்டியின் நீண்ட மூச்சு கொண்ட மெல்லிசை வரிகள் வந்துவிட்டால் இந்தக் குறைகள் எதுவும் காதில் விழாது.

பிற்காலம்

1970களில் ஓபராவைக் குறைத்துக்கொண்டு தனிக்கச்சேரிகளைப் பெருக்கினார். ஜெர்மன், பிரெஞ்சுப் பாடல்கள், தம் நாட்டு இசையமைப்பாளர்களின் படைப்புகள், இறுதியில் கறுப்பின மக்களின் பக்திப் பாடல்கள் என்று நிகழ்ச்சியை அமைப்பார். 1939இல் மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கைத் தர மறுத்த ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ அமைப்பின் மாநாட்டில், 1982இல், அதே அரங்கில், ஆண்டர்சனுக்கு மரியாதையாகப் பாடினார்.

1985 ஜனவரி 3 அன்று மெட்ரோபாலிட்டனில் ஐடாவாக விடைபெற்றார். அந்த நிகழ்ச்சி நாடெங்கும் நேரலையாக ஒளிபரப்பானது. ‘ஓ பாட்ரியா மியா’ முடிந்ததும் எழுந்த கைத்தட்டல் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓயவில்லை. பாத்திரத்தை விட்டு இறங்காமல் நிற்க அவர் படும் பாட்டை அந்தக் காணொளியில் அவர் முகத்தில் பார்க்கலாம். அப்போது வயது ஐம்பத்தேழு. ஆண்டர்சன் உள்ளே நுழைந்த வயதில் பிரைஸ் விடைபெற்றார்.

தனிக்கச்சேரிகளை 1997 வரை நடத்தினார். 2001 செப்டம்பர் தாக்குதலில் இறந்தோர் நினைவாக கார்னகி அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்காக, எழுபத்து நான்கு வயதில் மீண்டும் மேடையேறி, தாய்க்குப் பிடித்த பக்திப் பாடல் ஒன்றைப் பாடினார். அதிபரின் சுதந்திரப் பதக்கம் (1964), கென்னடி மைய விருது (1980), தேசியக் கலைப் பதக்கம் (1985), வாழ்நாள் சாதனை விருது நீங்கலாகப் பதின்மூன்று கிராமி விருதுகள் ஆகியவை அவர் பெற்ற சிறப்புகளில் சில. சிறுவர்களுக்காக ஐடாவின் கதையைத் தம் மொழியில் எழுதி 1990இல் நூலாக வெளியிட்டார்.

பிரைஸின் ஒலிப்பதிவுகள் நிறைய. புதிதாகக் கேட்க விரும்புவோர், நீல உறையால் ‘நீல ஆல்பம்’ என்றே அறியப்படும் 1960ஆம் ஆண்டுத் தனிப்பாடல் தட்டிலிருந்து தொடங்கலாம். அதில் வெர்டியும் புச்சீனியும் இருக்கிறார்கள். அடுத்து கராயான் நடத்த 1962இல் பதிவான ‘டோஸ்கா’. அதற்குப் பின் 1985 விடைபெறல் காணொளியைப் பாருங்கள்; அதை முதலில் பார்த்துவிட வேண்டாம்.