கரையில் நின்று கப்பல் பார்த்தவர்கள்



வேடர் என்ற சொல்லைக் கேட்டதும் நமது மனத்திரையில் யார் தோன்றுகிறார்கள்? கண்ணப்ப நாயனார் தோன்றுவார். வள்ளியம்மையை வளர்த்த நம்பிராசன் தோன்றுவான். பாடசாலைக் கலைவிழாவிலே முகத்தில் கரி பூசி, இடுப்பில் இலை கட்டி, கூவிக்கொண்டு மேடைக்கு ஓடிவரும் மாணவர்களும் தோன்றக்கூடும். எந்தப் பாடசாலையிலும் அந்தக் கரிக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால், வாகரைக்கு அண்மையில் பனிச்சங்கேணிக் களப்பிலே வலை வீசிவிட்டு, நம்மைப் போலவே சாரம் உடுத்து, நம்மைப் போலவே தமிழ் பேசி வீடு திரும்பும் ஒருவர் தோன்றுவதில்லை. அவரும் வேடரே. மட்டக்களப்பின் வடக்கே வாகரைப் பகுதியிலும், அதற்கு அப்பால் மூதூர்க் கிழக்கிலும், தெற்கே களுவன்கேணி போன்ற ஊர்களிலும் வாழும் அவரைப் போன்றோரைக் கரையோர வேடர் என்று ஆய்வாளர் அழைப்பர்.

கிழக்கிலங்கைத் தமிழருக்கு வேடர் அந்நியர் அல்லர். நமது பெருங்கோயில்களின் தோற்றக் கதைகளை எடுத்துப் பாருங்கள். கொக்கட்டிச்சோலையிலே கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகக் கண்டவன் திடகன் என்னும் வேடன் என்பது ஐதிகம். மண்டூரிலே தில்லை மரத்தில் தங்கிய வேலை முதலிற் கண்டு வழிபட்டவர்களும் வேடர்களே என்பர். அங்கே இன்றும் மந்திரம் ஓதாது, வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்யும் மரபு உண்டு. கதிர்காமத்திலும் இதுவே முறை. ஆகமம் வருவதற்கு முன்பிருந்த வழிபாடு அந்தத் துணிக்குப் பின்னால் இருக்கிறது என்பது அடியேனின் கருத்து. ஆனால் இக்கதைகளில் ஓர் ஒற்றுமை உண்டு. வேடன் தெய்வத்தைக் கண்டுபிடிக்கிறான், அரசிக்கோ, ஊர்ப் பெரியவர்களுக்கோ அறிவிக்கிறான், கோயில் எழுகிறது, அத்தோடு வேடனைக் கதையிற் காணவில்லை!

எங்கள் வீரமுனையின் கதை வேறுவிதமானது. சீர்பாததேவி என்னும் சோழ இளவரசி கடல்வழியே வந்தபோது திருக்கோணமலைக்கு அண்மையிலே கப்பல் தடைப்பட்டதாம். அங்கே கடலிற் கிடைத்த பிள்ளையாரை ஏற்றி, கப்பல் சென்று தரிக்கும் இடத்திலே கோயில் எடுப்பதாக அவர் நேர்ந்தாராம். அதுவே வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் என்பது மரபு. கப்பலில் வந்தவர்களின் கதை இது. அந்தக் கப்பல்களைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கும் ஒரு கதை இருந்திருக்க வேண்டுமல்லவா?

இருந்தது. 1907, 1908 ஆம் ஆண்டுகளில் இலங்கை வேடரை ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட நூலிலே கரையோர வேடரின் 'கப்பற்பேய்' வழிபாட்டைக் குறிப்பிடுகின்றனர். கடல் கடந்து கப்பலில் வந்த பிறரின் ஆவிகள் அவை. நோய் தரவும் அதை நீக்கவும் வல்லவை. கப்பலுக்கு அறிகுறியான அமைப்பொன்றை எழுப்பி, அந்த ஆவிகளை அழைத்து, ஆடிப் பாடி அமைதிப்படுத்துவர். நமது பக்கத்திலே கப்பல் திருவருளைக் கொண்டுவருகிறது. அவர்களது பக்கத்திலே அது காய்ச்சலைக் கொண்டுவருகிறது. இந்தக் கரையின் வரலாற்றை எழுத முற்படுவோர் இவ்விரண்டு கப்பல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

வேடரின் நம்பிக்கையிலே இறந்தவர் தொலைந்து போவதில்லை. இறந்த உறவினர் ஆவியாகி உடன் நிற்பர், அழைத்தால் வருவர், மறந்தால் கோபிப்பர். வேட்டைக்குப் போகுமுன் பேர்பெற்ற முன்னோனாகிய கண்டே வன்னியாவின் ஆவியைத் துணைக்கு வேண்டுவது உள்நாட்டு வேடரின் வழக்கம். கரையோரத்திலே குமாரத்தன் முதலிய தெய்வங்களுக்குச் சடங்கு நிகழும். தெய்வம் ஏறி ஆடுவோரின் வாயிலே அன்றாடத் தமிழல்லாத சொற்களும் கலந்து வரும். வீட்டிலே வழக்கொழிந்த மொழி சடங்கிலே மட்டும் உயிர்வாழ்கிறது.

வேடரைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த செய்திகளுள் எனக்கு மிகவும் பிடித்தது றொபேட் நொக்ஸ் சொல்வது. 1660 இல் மூதூரை அடுத்த கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகள் இந்நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயர் அவர். வேடருக்கு அம்பு வேண்டுமானால் இரவிலே இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையிலே தொங்கவிடுவார்களாம். அம்பு முனை எப்படி அமையவேண்டும் என்பதற்கு அந்த வடிவிலே வெட்டிய ஓர் இலையையும் வைப்பார்களாம். கொல்லன் செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். எழுத்தில்லை, சாட்சியில்லை, முகம்கூடப் பார்ப்பதில்லை. ஓர் இலையே உடன்படிக்கை!

பிற்காலத்தில் அவர்களோடு நாடு செய்த காரியங்களிலே அத்தகைய இலை எதுவும் இருக்கவில்லை. 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையிலே அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் பரந்தது. சம்மாந்துறை, வீரமுனை வயல்களுக்கு வந்து பாயும் நீர் அதுதான். வேடர் வேட்டையாடித் தேனெடுத்த காடுகள் அந்த நீரின் அடியிலே கிடக்கின்றன. நெல்லுண்ணும் நாங்கள் இதை அறிந்திருத்தல் தகும். 1983 இல் மாதுறு ஓயா தேசிய வனமாகப் பிரகடனமாகியது. பரம்பரையாகச் சென்ற காட்டினுள் அம்போடு நுழைவது குற்றமாயிற்று. பல குடும்பங்கள் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. தம்பானைத் தலைவர் ஊருவரிகே திசாஹாமி போக மறுத்தார். 1998 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவருக்குப் பின் தலைவரான அவரது மகன் வன்னில அத்தோ, 1996 இலேயே ஜெனீவாவுக்குச் சென்று ஐக்கிய நாடுகள் சபையின் பழங்குடி மக்கள் தொடர்பான அமர்விலே தம்மவர் குறையை எடுத்துரைத்தவர்.

தம்பானைக்காவது ஒரு குரல் இருந்தது. கரையோர வேடருக்கு அதுவும் வாய்க்கவில்லை. காரணம் என்ன? குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். 1911 இல் வேடர் தொகை 5,332. 1946 இல் 2,361. 1953 இல் 803. ஏழே ஆண்டுகளில் மூன்றில் இரு பங்கினர் எவ்வாறு மறைந்தனர்? கொள்ளைநோயோ பஞ்சமோ மட்டும் இதை விளக்காது. சிங்களம் பேசிய வேடர் சிங்களவராயினர். தமிழ் பேசிய வேடர் தமிழராயினர். வில் ஏந்தி, தோளிற் கோடரி மாட்டியவனே வேடன் என்று ஆராய்ச்சியாளரும் கொண்டனர், அதிகாரிகளும் கொண்டனர். கரையோர வேடர் கலப்புற்றவர் என்று செலிக்மன் தம்பதியரும் அவர்களுக்குக் குறைந்த இடமே கொடுத்தனர். கலப்புறாத மக்கள் இந்தத் தீவில் யார் என்று அவர்களிடம் கேட்க ஆளில்லை.

பட்டியலில் இல்லாத மக்களுக்குப் பங்கீடும் இல்லை. 2004 இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தது. 2006, 2007 இல் மூதூர்க் கிழக்கிலும் வாகரையிலும் நடந்த போரிலே ஊர்கள் முழுவதுமாக இடம்பெயர்ந்தன. வேடரும் பாயையும் பானையையும் சுமந்துகொண்டு முகாம்களுக்குப் போயினர். மீண்டு வந்தபோது காணி உறுதி கேட்டார்கள். சேனை வெட்டிப் பயிர் செய்து, மண் சாரம் குன்றியதும் வேறிடம் போய், பின்னர் திரும்பி வருபவனிடம் உறுதி எப்படி இருக்கும்? காட்டிற்குள் போனால் வனத்துறை. களப்பிலே பெரிய வலைக்காரரின் போட்டி.

அவர்கள் கேட்பவை பெரியவை அல்ல. இருக்கும் நிலத்துக்கு ஓர் உறுதி. தேனுக்கும் விறகுக்கும் கிழங்குக்கும் காட்டினுள் போய்வர அனுமதி. களப்பிலே மறிப்பின்றித் தொழில். பிள்ளை இடைவிலகாமற் படிக்க நடைதூரத்திலே ஒரு பாடசாலை. இவற்றுள் எதைக் கேட்டாலும், "நீங்கள் வேடர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்வி முன்னே நிற்கிறது. அத்தாட்சி அவர்களின் சடங்குப் பாடல்களிலே இருக்கிறது. அவற்றை முழுமையாக அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் கிடக்கிறது. வாகரை வீதியில் பேருந்தும் ஓடுகிறது.