நிழலில் பிறந்த நாற்றங்கால்

போடியில் ஏலத்தோட்டக்காரர் யாரிடம் பேசினாலும் பேச்சு சீக்கிரமே நிழலுக்கு வந்துவிடும். ஏலம் நேர் வெயில் தாங்காது. மேலே நிற்கும் பெரிய மரங்களைக் கவாத்து செய்து, எவ்வளவு வெயில் இறங்கலாம் என்று முடிவு செய்வதுதான் தோட்டக்காரரின் கைப்பக்குவம். இதே நிழலை நம்பி, அகமலைக்கு அந்தப் பக்கம், கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் ஒரு தன்னார்வக் குழு பிறந்தது. ஏலத்தோட்டம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதை சட்டென்று பிடிபடும்.

அதற்கு முன்பே கொடைக்கானலில் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். 1985ல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடங்கியது. விதியை மீறி ஏழு மாடி எழுப்பிய ஒரு ஹோட்டலுக்கு அரசு விலக்கு அளித்தபோது இவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 1995ல் அந்த விலக்கு ரத்தானது. 2001ல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஊரில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடந்ததை வெளியே கொண்டுவந்ததிலும் இவர்களுக்குப் பங்கு உண்டு. சிறிய மலை ஊரில், சம்பளம் இல்லாமல், பெரிய இடங்களைப் பகைத்துக்கொண்டு செய்த வேலை அது.

பிரிட்டனிலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரின் கவனமோ சோலை எனப்படும் மலைக்காட்டின் மரங்கள் மேல் போனது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பாம்பார் சோலை. அங்கே சுரக்கும் தண்ணீர்தான் கும்பக்கரையில் அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. காட்டுக்குள் நடந்து நடந்தே மரங்களைக் கற்றுக்கொண்டார்கள். அழிந்துபோனதாக நினைத்திருந்த ஒரு ருத்ராட்ச இன மரத்தை, பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிளாஸ்கோவின் பெயர் தாங்கியதை, மறுபடி கண்டுபிடித்து நாற்றும் வளர்த்தார்கள்.

நாற்று என்றால் லேசான காரியமில்லை. சோலை மர விதைகள் பலவும் காய்ந்தால் செத்துவிடும். நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. பழம் விழுகிற நாளில் மரத்தடிக்குப் போய்ப் பொறுக்கி, சதையைக் கழுவி, ஈரம் போகுமுன் நிழலில் ஊன்ற வேண்டும். முளைத்தாலும் ஆமை வேகம்தான். இந்த நாற்றங்காலைச் சுற்றி உருவானதுதான் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை.

இந்தக் குழு சொன்ன பெரிய விஷயம் பலருக்கு உறுத்தலாக இருந்தது. வனத்துறை முன்பு புல்வெளிகளில் வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் என்று நட்டுத் தள்ளியது. அந்நிய மரம், வெட்டி எறி என்று இயற்கையை நேசிப்பவர்களே கேட்டார்கள். இவர்களோ பழைய வாட்டில் தோப்புக்குள் குனிந்து பார்த்தார்கள். பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் அங்கே சோலைக் கன்றுகளாக எழுந்து நின்றன. அந்நிய மரத்தின் நிழல் சொந்த மரத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. ஒரேயடியாக மொட்டையடித்தால் வெயில் பாயும், மண்ணில் பல வருஷமாகக் கிடக்கும் வாட்டில் விதை மொத்தமாக முளைக்கும், கன்றுகள் கருகும். ஆகவே அங்கே கை வைக்காதீர்கள் என்றார்கள். கவாத்து தெரிந்த ஏலத்தோட்டக்காரர் யாரும் இதை மறுக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

ஆனால் புல்வெளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புல்லுக்கு நிழல் எதிரி. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வை எழுதியவர்களில் ஸ்டூவர்ட்டும் ஒருவர். மிச்சமிருக்கிற புல்வெளியில் வாட்டில் கன்று தலைகாட்டும்போதே பிடுங்க வேண்டும், வருஷா வருஷம் பிடுங்க வேண்டும். புல்வெளி இவ்வளவு குறைந்துவிட்டதால் அந்த நாற்றங்காலில் மரக்கன்றோடு மலைப்புல்லையும் வளர்த்தார்கள். புல்லுக்கு நாற்றங்கால் போட வேண்டிய நிலைமை அந்த மலைக்கு வந்திருந்தது.