டி-72: மூடி பறக்கும் டாங்க்கி

2022-ல் உக்ரைன் போர் ஆரம்பிச்ச பிறகு வந்த படங்களைப் பார்த்திருப்பீங்க. ரஷ்ய டாங்க்கி ஒரு பக்கம் எரிஞ்சு கிடக்கும். பீரங்கியோட சேர்ந்த அதன் டரட், பிரஷர் குக்கர் மூடி மாதிரி பிய்ச்சுக்கிட்டு பல அடி தள்ளித் தலைகீழா கிடக்கும். உடனே "ரஷ்யன் சரக்கே டப்பா"ன்னு நம்மாளுங்க முடிவு கட்டிட்டாங்க. மேட்டர் அவ்வளவு சிம்பிள் இல்லை மக்களே.

1960-களில் சோவியத் யூனியன், கார்கோவில் டி-64 என்ற டாங்க்கியை உருவாக்கியது. அருமையான டிசைன், ஆனா விலை ஜாஸ்தி, எஞ்சின் தகராறு வேற. ஆயிரக்கணக்கில் செய்ய மலிவா ஒண்ணு வேணுமே? உரால் பகுதியில் இருக்கிற நீஷ்னி தாகில் தொழிற்சாலை கொடுத்த பதில்தான் டி-72. 1973-ல் படையில் சேர்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலத்துக்கு அது பெரிய சமாச்சாரம். 125 மி.மீ. பீரங்கி, அப்போ அமெரிக்காவின் எம்-60-ல் இருந்தது 105 மி.மீ.தான். எடை சுமார் 41 டன், உயரம் 2.2 மீட்டர். குண்டை எடுத்துப் போடறதுக்கு ஆளே கிடையாது, மெஷின்தான். அதனால மூணே பேர் போதும். ஆள் குறைஞ்சா வண்டி சின்னதாகும், எடையும் விலையும் குறையும்.

வினையும் அங்கேதான். அந்த மெஷின், டரட்டுக்கு அடியில் ஒரு ராட்டினம். அதில் 22 குண்டுகள், கூடவே எரியக்கூடிய உறையில் வெடிமருந்து. மிச்ச குண்டுகள் வீரர்களைச் சுத்தி அங்கங்கே. கவசம் துளைபட்டு மருந்து பத்திக்கிச்சுன்னா, அதுக்கு மேலே உக்காந்திருக்கிறவங்க கதி? அமெரிக்க ஆப்ரம்ஸில் பெரும்பாலான குண்டுகள் டரட்டின் பின்னால் தனி அறையில், தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும். வெடிச்சா மேல்தகடு திறந்து நெருப்பு வெளியே போயிடும்.

ஆட்டோ லோடர்தான் தப்புன்னு சொல்லவும் முடியாது. பிரான்ஸின் லெக்லெர்க்கிலும் ஆட்டோ லோடர் உண்டு, ஆனா டரட்டின் பின்பகுதியில். ஜெர்மன் லெப்பர்ட்-2-ல் குண்டு போட ஆள் உண்டு, ஆனா டிரைவர் பக்கத்திலேயே ஒரு குவியல் குண்டு! 2016-ல் சிரியாவின் அல்-பாபில் துருக்கியின் லெப்பர்ட்களுக்கும் இதே கதி ஆச்சு. ஆக, குண்டை எங்கே வைக்கிறோம்கிறதுதான் கேள்வி.

வியாபாரத்துக்கு வருவோம். டி-72-ஐ இராக், சிரியா, லிபியா எல்லாம் வாங்கின. போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் லைசென்ஸில் செய்தன. ஏற்றுமதி மாடல்களில் கவசம் சோவியத் படை வைத்திருந்ததைவிட மட்டம். 1991 பிப்ரவரி 26-ல், இராக் பாலைவனத்தில் '73 ஈஸ்டிங்' சண்டையில் சாயம் வெளுத்தது. மணல்புயலுக்குள்ளும் பார்க்கிற தெர்மல் சைட் அமெரிக்கர்களிடம் இருந்தது, இராக்கியர்களிடம் இல்லை. டி-72 பேரே கெட்டுப்போச்சு. புதிய கருவிகளோடு மேம்படுத்திய அடுத்த மாடலுக்கு ரஷ்யா வெச்ச பேர் டி-90.

அதை முதலில் பெரிசா வாங்கினது நாமதான். 1990-களின் கடைசியில் பாகிஸ்தான் உக்ரைனிடம் 320 டி-80யூடி வாங்கியது. பதிலுக்கு 2001-ல் இந்தியா 310 டி-90-க்கு ஒப்பந்தம் போட்டது. ஏற்கனவே டி-72-ஐ 'அஜேயா'ன்னு செய்துவந்த நம்ம ஆவடி தொழிற்சாலையிலிருந்து, 2009-ல் உள்நாட்டுத் தயாரிப்பு டி-90 வெளியே வந்தது. பேரு 'பீஷ்மா'. பிறகு அல்ஜீரியா, அசர்பைஜான், வியட்நாமும் டி-90 வாங்கின.

பேர் மாறினாலும் ராட்டினம் அடியிலேயேதான் இருக்கு. இது 2022-ல் புதுசா கண்டுபிடிச்ச குறையும் இல்லை. 1995-லேயே, க்ரோஸ்னி தெருக்களில் டாங்க்கிகள் டரட் இழந்து கிடந்தபோதே உலகம் பார்த்தாச்சு. டாங்க்கி மலிவா கிடைக்குது, வாஸ்தவம்தான். அந்தத் தள்ளுபடியை யார் கட்டறாங்க? உள்ளே உக்காந்திருக்கிற மூணு பேர். நாளைக்கு அர்ஜுனோ வேறொண்ணோ, அடுத்த டாங்க்கிக்கு டெண்டர் போடும்போது முதலில் கேக்க வேண்டியது "பீரங்கி எத்தனை மி.மீ.?" இல்லை, "குண்டு எங்கே இருக்கு?"

நீங்க என்ன சொல்றீங்க?