மூன்றாம் பாலைப் படிக்காத பாதிரிமார்

மடவார் வளாகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் சபைக்குப் போகிற நண்பர் ஒருவர், வாலிபர் கூட்டத்தில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னார். ஆபாசப் படம் பார்ப்பதைப் பற்றிய பிரசங்கம். யோபு தன் கண்களோடு உடன்படிக்கை செய்தது, யோசேப்பு போத்திபாரின் மனைவியிடமிருந்து ஓடியது என்று வழக்கமாக வருகிற இரண்டு கதைகளும் வந்திருக்கின்றன. "பாக்காத, ஓடிரு. அவ்வளவுதான் சொன்னாங்க. எதைப் பாத்து ஓடணும்னு கேட்டா பதில் இல்ல" என்றார்.

எனக்குத் திருக்குறள் ஞாபகம் வந்தது. காரணம் இருக்கு.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுப் பாதிரிமாருக்குப் புதுசு இல்லை. 1730இல் குறளை லத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டும் எடுத்துக்கொண்டார். 25 அதிகாரங்கள் உள்ள காமத்துப்பாலைத் தொடவில்லை. அடுத்து வந்தவர் லண்டன் மிஷனைச் சேர்ந்த துரு. 1840லும் 1852லும் வந்த அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் 63 அதிகாரங்கள்தான் உண்டு. மூன்றாம் பாலை எவ்வளவு தூய மனசுக்காரரும் பாதிப்பில்லாமல் படிக்க முடியாது, மொழிபெயர்த்தால் அவப்பெயர்தான் வரும் என்பது அவர் கருத்து. அதாவது, அவரும் ஓடினார்.

விட்டுப்போன 70 அதிகாரங்களை 1885இல் முடித்தவர் ஜான் லாசரஸ். அவர் ஒரு தமிழ்க் கிறித்தவர்.

அடுத்த வருஷமே ஜி.யு.போப்பின் முழு மொழிபெயர்ப்பும் வந்தது. சாயர்புரத்தில் ஊழியம் செய்தவர் போப். இதே தப்பெண்ணத்தால் தானும் பல வருஷம் மூன்றாம் பாலைப் படிக்காமலே இருந்ததாக முன்னுரையில் ஒத்துக்கொள்கிறார். அவர் மனசை மாற்றியது 34ஆம் குறள். மனத்தில் மாசில்லாமல் இருப்பதே அறம் என்று எழுதினவர் அசுத்தமான எதையும் எழுதியிருக்க மாட்டார் என்று யோசித்தார். அப்புறம் உட்கார்ந்து படித்தார்.

இதில் வேடிக்கை என்னன்னா, போப் வந்து சேர்ந்த இடம் அவருடைய வேதத்திலேயே இருக்கிறது. மலைப்பிரசங்கம் குற்றத்தைத் தேடுவது கண்ணில் மட்டும் இல்லை, இருதயத்தில். காதலைப் பாடும் உன்னதப்பாட்டும் அதே வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது விளங்காத விஷயமில்லை; நாச்சியார் திருமொழியில் உடலும் விரகமும் வருவதால் ஆண்டாளை யாரும் ஒதுக்கிவிடவில்லையே.

காமத்துப்பாலும் கைப்பேசியில் வரும் படமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் காதலிக்கு மனசு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, ஊடல் இருக்கிறது. மற்றதில் அவள் வெறும் உடம்பு. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்காமல் "ஓடு" என்று மட்டும் சொன்னால், பையன் இரண்டிலிருந்தும் ஓடுவான். நாளைக்குக் கல்யாணமானால் மனைவியிடம் பேசவும் கூச்சப்படுவான்.

ஓடச் சொல்வது தப்பில்லை. போப் மாதிரி திரும்பி வந்து படித்துப் பார்க்கவும் யாராவது சொல்லித்தரணும். நண்பரிடம் இதைச் சொன்னேன். "அடுத்த கூட்டத்துல போப் கதையைச் சொல்லிப் பாக்குறேன்" என்றார்.