நிலம் மயங்கிய படங்கள்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வான்படங்களைத் திணைவழி வாசித்தல்

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் பெண் தொழிலாளர்களுக்கான விடுதி திறக்கப்பட்டது. அப்போது வெளியான வான்படங்களை முதன்முறை பார்ப்பவர், யாரோ கணினியில் ஒட்டிச் செய்த படம் என்று ஐயுற்றால் வியப்பில்லை. தட்டையான வெளியின் நடுவே, ஒன்றைப் போலவே இன்னொன்றாகப் பத்து மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஊர் மெல்ல வளர்ந்து நகரமான தடம் எதுவும் அவற்றுக்கு முன்னும் பின்னும் தென்படுவதில்லை. பதின்மூன்று கட்டடங்கள், ஒன்றுக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர்: மொத்தம் 18,720. செலவு 706.50 கோடி ரூபாய். அந்தப் படத்தில் நாம் காண்பது ஒரு பெருக்கல் கணக்கின் தோற்றம்.

இத்தகைய படங்களைச் சர்ரியல் என்று வகைப்படுத்திவிட்டு நகர்வது எளிது. அந்த வகைப்பாட்டை நான் மறுக்கிறேன். காட்சி விநோதமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விநோதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காத ரசனை, காரணமுள்ள ஒன்றைக் கனவாக்கிவிடுகிறது. 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் தம் அறிக்கையை வெளியிட்டபோது சர்ரியலிசம் நம்பியது அறிவின் கண்காணிப்புக்கு அடங்காத மனவோட்டத்தை. பின்னர் அவ்வியக்கத்தார் போற்றியது பொருந்தாப் பொருள்களின் தற்செயலான சந்திப்பை. ஒரகடத்தில் பனைமரமும் கார் ஆலையும் தற்செயலாகச் சந்திக்கவில்லை. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட், தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புக்கென 1997இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், சர்வே எண்கள், அறிவிக்கைகள், இழப்பீட்டுக் கோப்புகள் ஆகியவை கூடித்தான் அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வரத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசானும், 2012இல் டைம்லரும், 2013இல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. இவ்வளவு திட்டமிட்ட கனவு ஒன்றை எந்த சர்ரியலிஸ்டும் கண்டதில்லை.

ஆலையைப் படமெடுப்பதன் பயன் பற்றிய ஐயம் பழையது. வால்ட்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய நிழற்பட வரலாற்றுக் கட்டுரையில் நாடகாசிரியர் பிரெக்டின் கருத்தொன்றை எடுத்தாள்கிறார்: குருப் ஆலையின் படமோ ஏஇஜி நிறுவனத்தின் படமோ அந்த நிறுவனங்களைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. உழைப்பவருக்கும் உடைமையாளருக்கும் இடையேயான உறவு சுவரில் தெரியாது என்பது இதன் சாரம். 1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் ஜெங்கின்ஸ் தொகுத்த ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ கண்காட்சி வேறு வழியில் சென்றது. லூயிஸ் பால்ட்ஸ் போன்றோர் தொழிற்பேட்டைச் சுவர்களை உணர்ச்சி கலக்காமல், நில அளவையாளர் பார்ப்பதுபோலப் படமெடுத்தார்கள். நம் டிரோன் படங்கள் அந்த நிதானத்தையும் கற்கவில்லை, பிரெக்டின் ஐயத்தையும் எதிர்கொள்ளவில்லை. உயரமும் வெயிலும் சமச்சீரும் போதும் என்று நின்றுவிடுகின்றன.

பிரெக்டுக்கு ஒரு பதில் உண்டு. அதற்கான இலக்கணம் தமிழில் இருக்கிறது. எல்லாவற்றையும் தொல்காப்பியத்தில் கண்டெடுக்கும் வழக்கத்துக்கு நான் ஆதரவாளன் அல்லன். பண்டைப் புலவர் கார் ஆலையை முன்னறிந்தார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிலக்காட்சியைப் புரிந்துகொள்ள எவையெல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதைத் திணைக் கோட்பாடு அளவுக்குக் கறாராக வகுத்த வேறொன்றை நான் அறியேன் என்பதே என் வாதம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்தின் மரம், விலங்கு, தொழில், தெய்வம் முதலியன. உரிப்பொருள் என்பது மனிதரின் ஒழுக்கம். வான்படம் கருப்பொருளைக் குவித்துத் தருகிறது. முதற்பொருளில் நிலத்தை மட்டும் தந்து பொழுதை விட்டுவிடுகிறது. உரிப்பொருளைத் தொடுவதேயில்லை.

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. திணைகள் தம்முள் மயங்கலாம், ஆனால் நிலங்கள் ஒருங்கே மயங்குதல் இல்லை என்கிறது அகத்திணையியல். ஒரு நிலத்துக்கு உரிய ஒழுக்கம் இன்னொரு நிலத்தில் நிகழலாம்; இரண்டு நிலங்கள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்தடத்துப் படங்கள் நம்மைத் திடுக்கிட வைப்பது சரியாக இந்த இடத்தில்தான். மருத நிலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதன்மேல் இன்னொரு நிலம் வந்து அமர்ந்திருக்கிறது. இலக்கணம் இயலாது என்றதை நில வகைமாற்ற ஆணை இயல்வதாக்கியிருக்கிறது.

அந்த மருதம் எங்கே எஞ்சியிருக்கிறது என்று படத்தில் தேடலாம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர் இருந்தது. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராக வந்த இந்தப் பகுதியைச் சில ஆண்டுகளிலேயே தாமஸ் பர்னார்ட் ஊர் ஊராக அளக்க நேர்ந்தது. இங்கே வருவாய் என்பது ஏரியையும் அதன் பாசனத்தையும் பொறுத்தது. பெரிய ஆறுகள் குறைந்த, மெல்லக் கிழக்கே சாயும் நிலம் இது. ஆகவே கரை பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல வளைகிறது. மேட்டுப் பக்கம் நீர்ப்பிடிப்பாகத் திறந்து கிடக்கிறது. கரைக்கு வெளியே மதகு வழியாக நீர் பெறும் ஆயக்கட்டு. ஏரி கோடி போனால் கலங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். எனவே ஒரகடத்துப் படம் ஒன்றில் கிடங்குகளுக்கு நடுவே காரணமின்றி வளையும் பனைவரிசை தெரிந்தால், அது அழகுக்காக விடப்பட்ட மரமாக இருக்க வாய்ப்பு குறைவு. கரையாகவோ பழைய வரப்பாகவோ இருக்கலாம். வளைவின் எந்தப் பக்கத்தில் ஆலை நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. வெளிப்பக்கம் என்றால் ஆயக்கட்டு போயிற்று. உள்பக்கம் என்றால் நீர்ப்பிடிப்பு போயிற்று. இரண்டும் ஒரே இழப்பு அல்ல. முன்னதில் நெல் போகிறது; பின்னதில் நீருக்குப் போக்கிடம் போகிறது.

அந்த நீர் கணக்கைத் தீர்க்கும் இடமும் தெரிந்ததே. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதை அடையாற்றங்கரைவாசிகள் மறக்கவில்லை. அந்த வெள்ளத்துக்குத் தொழிற்தடத்தை மட்டும் காரணமாக்குவது நேர்மையாகாது. மழையின் அளவும் அணை நிர்வாகமும் தனி விவாதங்கள். ஆனால் மே மாதத்து வெயிலில் எடுத்த ஆலைப் படத்தையும் அதே இடத்தின் டிசம்பர்ப் படத்தையும் அருகருகே வைத்தால் முதல் படத்தின் கனவுத்தன்மை பெருமளவு கலைந்துவிடும். பெரும்பொழுது திரும்பி வந்துவிடுகிறதே.

டிரோன் படத்துக்கு எதிர்த் திசையில் ஒரு படவகை உண்டு: செயற்கைக்கோளின் பொய்வண்ணப் படம். 2015 முதல் சென்டினல்–2 தரும் தரவு எவருக்கும் இலவசம். அதன் முதன்மை அலைவரிசைகளில் ஒரு படப்புள்ளி தரையில் பத்து மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், பச்சையை நீலமாகவும் மாற்றிக் காட்டும்போது வயல் இரத்தச் சிவப்பாகிறது, ஏரி கரியதாகிறது, தகரக் கூரை வெளுக்கிறது. பார்வைக்கு இதைவிட விநோதமான நிலக்காட்சி வேறில்லை. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் உண்டு: உயிருள்ள இலையின் உட்திசு அகச்சிவப்பைத் தெறிக்கவிடுகிறது, நீர் அதை விழுங்கிவிடுகிறது. உண்மை நிறத்தில் எடுத்த டிரோன் படம் மறைப்பதை இந்தப் பொய்வண்ணம் சொல்லிவிடுகிறது. இதிலும் ஊரறிவு இல்லாதவர் ஏமாறுவார். வறண்ட ஏரியின் உள்வாயில் மண்டிய சீமைக்கருவேலமும் சிவப்பாகவே தெரியும். அதை விளைச்சல் என்று எழுதிவிடக் கூடாது.

உரிப்பொருளுக்கு வருவோம். சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து அடையும் நிலையாகக் காண்கிறது. தொழிற்தடத்தை மருதம் திரிந்த பாலை எனலாமா? வெம்மை குறித்து மட்டும் இதைச் சொன்னால் அது வெறும் அலங்காரம். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அது இங்கே நேராகப் பொருந்துகிறது, ஒரு தலைகீழ் மாற்றத்தோடு. அக மரபில் பொருள்வயிற் பிரிபவன் தலைவன். வீட்டிலிருந்து வழிபார்ப்பவள் தலைவி. வல்லம் வடகாலின் 18,720 படுக்கைகளும் பொருள்வயிற் பிரிந்து வந்த பெண்களுக்கானவை. வழிபார்ப்போர் ஊரில் இருக்கும் தாய் தந்தையர். இந்தப் பிரிவுக்கு நம் செய்யுள் மரபில் துறை வகுக்கப்படவில்லை. நம் நிழற்பட மரபிலும் இல்லை.

வான்படத்தில் ஆளே தெரியாததற்குக் காரணமும் இதில் அடங்கும். பல ஆலைகளில் உற்பத்திக்கூடத்துக்குள் கேமரா கைப்பேசி எடுத்துச் செல்ல முடியாது. உள்ளே எடுக்க முடியாததால் வெளியே எடுக்கிறார்கள். வெளியே எடுக்கும் நேரத்தில் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். இந்த நிலத்தின் சிறுபொழுது வைகறையோ எற்பாடோ அல்ல. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட். விடுதிகளில் வாழ்ந்தவர்கள் தாமாகவே சட்டகத்துக்குள் வந்த தருணம் ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர்களோடு வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் அமர்ந்துவிட்டார்கள். சாலையை நிறைத்த அந்தக் கூட்டத்தின் படங்களை யாரும் சர்ரியல் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 2024இன் விடுதிப் படங்களுக்கு முன்படம் அதுவே. இரண்டையும் அருகருகே வைக்காமல் பதின்மூன்று கட்டடங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்த வாசிப்புக்கும் எல்லை உண்டு. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை செய்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. 2020இல் அதே வளாகத்தில் சால்காம்ப் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கூரை அதே கூரை, சுற்றுச்சுவர் அதே சுவர். ஏரிக்கரையைக் கண்டுபிடிக்கும் பயிற்சியோ அகச்சிவப்போ மூடிக் கிடந்த அந்த ஆலையை ஓடும் ஆலையிலிருந்து பிரித்துக் காட்டாது. பிரெக்டின் ஐயம் இங்கே முழுதாகச் செல்லும். அந்த ஆண்டுகளின் நிலக்காட்சியைப் பதிவுசெய்ய விரும்பியவர் கேமராவை மேலே அனுப்பிப் பயனில்லை. ஷிஃப்ட் மாறும் வேளையில் ஆலை வாசலில் நின்று, எத்தனை கம்பெனி பஸ் வருகிறது, எதிரே எந்த டீக்கடை திறந்திருக்கிறது என்று எடுத்திருக்க வேண்டும்.