சாட்சி

பெயர்ச்சொல். வடமொழி ‘சாக்ஷி’யிலிருந்து வந்தது. ‘அக்ஷி’ என்றால் கண். நேரில் கண்டவர் என்பது மூலப்பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘சாக்ஷி’ என்றே வழங்குவதால், மும்மொழியும் புழங்கும் ஆந்திர ஊரான பலமனேரில் இச்சொல்லுக்கு விளக்கம் வேண்டாம்.

கிறிஸ்தவ வழக்கில், கடவுள் தன் வாழ்வில் செய்ததைப் பிறரிடம் கூறுவது ‘சாட்சி சொல்லுதல்’. சாட்சிக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘மார்ட்டுஸ்’. விசுவாசத்துக்காக உயிர்விட்டவரையும் பின்னர் அது குறித்தது. தமிழில் அவர் ‘இரத்தசாட்சி’.

நாலு பேர் முன் விசுவாசத்தைச் சொல்ல வெட்கமா? வாதாடி வெல்வது வக்கீலின் வேலை. சாட்சிக்குப் பேச்சுத்திறன் தேவையில்லை. கண்டதை உள்ளபடி சொன்னால் போதும். கேட்டவர் ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை.