கதிரியக்க இட்லி

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும் என்பதைத் தஞ்சை உழவர் அனைவரும் அறிவர். அதை நம்பி நாற்று விட்டபின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாவிட்டால் நாற்று கருகும். காலங்கடந்து வெள்ளமாக வந்தால் பயிர் மூழ்கும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் சிலரின் உடலில் நடப்பதும் இதுவே. மருந்து நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடுகிறது. உண்ட சோறோ இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. இரத்தச் சர்க்கரை முதலில் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து, பின்னர் தாறுமாறாக ஏறுகிறது.

நீரிழிவு தஞ்சைக்குப் புதிதன்று. சரஸ்வதி மகால் நூலகம் வெளியிட்ட 'சரபேந்திர வைத்திய முறைகள்' வரிசையில் இந்நோய்க்கென்றே ஒரு நூல் உண்டு. அம்முறைகளைத் தொகுப்பித்த இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) தஞ்சையில் வாழ்ந்த நாளில், அமெரிக்காவில் ஒரு விபத்து நேர்ந்தது. 1822இல் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் குண்டு பாய்ந்து, இரைப்பையில் ஆறாத துளை ஒன்று நிலைத்தது. மருத்துவர் வில்லியம் போமண்ட் அதன் வழியே உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கி, அவை செரிக்கும் நேரத்தைக் கணக்கிட்டார்.

நீரிழிவையும் இரைப்பையின் சுணக்கத்தையும் இணைத்துப் பெயரிட்டவர் பால் கசாண்டர். 1958இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு செய்தி இருக்கிறது: இக்கோளாறு அறிகுறி எதுவுமின்றியும் இருக்கலாம். ஏன் இது நேர்கிறது? நெடுங்காலச் சர்க்கரை மிகுதியால் இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு பழுதடைகிறது. உணவைக் கடைந்து தள்ளும் அசைவு தளர்கிறது.

இதை அளப்பது எப்படி? உணவில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து கொடுத்து, அது இரைப்பையை விட்டு நகர்வதைக் காமிராவால் கணிப்பதே இன்றைய முறை. மேனாட்டில் இதற்கு முட்டை வெள்ளையும் ரொட்டியும் தருவர். முட்டை உண்ணாதவருக்கு? கேரளத்தின் கொச்சியில் ஆய்வாளர்கள் நம் இட்லியையே சோதனை உணவாக்கி, அதற்குரிய இயல்பளவுகளை 2014இல் வெளியிட்டனர்.

வாசகர்களே, உங்கள் வீட்டு நீரிழிவு நோயாளி நாலு கவளத்திலேயே வயிறு நிரம்பிவிட்டது என்கிறாரா? உண்ட சோறு மணிக்கணக்காகியும் செரியாமல் வாந்தியாகிறதா? சாப்பிட்ட பிறகும் சர்க்கரை தாழ்கிறதா? உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்சுலின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்றாதீர்கள். சிறுகச் சிறுகப் பலமுறை உண்பதும், கொழுப்பைக் குறைப்பதும், குழைந்த உணவை நாடுவதும் பலருக்கு உதவும். தண்ணீர் வரும் நாளை அறிந்து நாற்று விடுவதுதானே விவேகம்!